பள்ளி விட்ட பிறகு எங்கே போகிறார்கள்? இளையோருக்கான போதைத் தடுப்புத் திட்டங்கள்: ஓர் அறிமுகம்

ஜூன் 26 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் கையை நீட்டி போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்காத பள்ளி தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. 1987-இல் ஐ.நா. சபை அறிவித்த நாள் அது. உறுதிமொழி முடிந்ததும் பதாகை பிடித்து ஒரு பேரணி, ஓர் ஓவியப் போட்டி, காவல்துறையிலிருந்து யாராவது வந்து ஓர் உரை. இதிலெல்லாம் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் போதையிலிருந்தும் அடிதடியிலிருந்தும் விலக்கி வைக்க முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த விடை பலருக்குப் பிடிக்காத விடை.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். மறுவாழ்வு மையம், சீர்திருத்தப் பள்ளி, சிறை எல்லாம் காரியம் நடந்த பிறகு வருபவை. தடுப்புத் திட்டம் அதற்கு முன்னால் வருவது. பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை, ஒரு பிள்ளை முதல் பீடியையோ முதல் பாட்டிலையோ தொடுகிற காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் அது வேலை செய்கிறது. அந்த முதல் தடவையைச் சில வருடங்கள் தள்ளிப்போட்டாலே பெரிய லாபம். எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குப் பின்னால் அடிமையாகும் வாய்ப்பு கூடுகிறது. மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

போதையையும் குற்றத்தையும் ஒரே திட்டத்தில் ஏன் சேர்க்கிறார்கள் என்று தோன்றலாம். இரண்டுக்கும் கொண்டுபோய் விடும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாக்கின்ஸ், ரிச்சர்ட் கேட்டலானோ என்ற இருவர் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். மருத்துவர் ஒருவர் மாரடைப்பு வருவதற்கு முன்பே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் புகைப்பழக்கத்தையும் விசாரிப்பது போல, ஒரு ஊரின் பிள்ளைகளுக்கு எவையெல்லாம் ஆபத்துக் காரணிகள், எவையெல்லாம் காப்புக் காரணிகள் என்று முன்கூட்டியே பார்க்கலாம் என்றார்கள். வீட்டில் ஓயாத சண்டை, படிப்பில் பின்தங்குதல், ஏற்கெனவே பழக்கம் உள்ள கூட்டாளிகள், கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு ஆகியவை முதல் வகை. நம்பிப் பேச ஒரு பெரியவர், பள்ளியோடு ஒட்டுதல், ஏதாவது ஒன்றில் திறமை காட்டி நல்ல பெயர் வாங்கும் வாய்ப்பு ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகையைக் குறைத்து இரண்டாம் வகையைக் கூட்டுவதுதான் தடுப்பு வேலை. பிள்ளைக்கு ‘போதை கெட்டது’ என்ற தகவல் தெரியுமா தெரியாதா என்பதற்கு இந்தப் பட்டியலில் பெரிய இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தகவலை நம்பி இறங்கிய மிகப் பெரிய திட்டம் ‘டேர்’. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கியது. சீருடை போட்ட காவலர் வாரம் ஒரு முறை வகுப்புக்கு வந்து, போதையின் கேடுகளையும் ‘வேண்டாம்’ என்று மறுக்கும் முறைகளையும் சொல்லிக் கொடுப்பார். பெற்றோருக்குப் பிடித்தது, காவல்துறைக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கும் பிடித்தது. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பரவியது. அப்புறம் ஆய்வாளர்கள் டேர் படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் பல வருடங்கள் கழித்து ஒப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதையே பல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது.

தகவல் பலிக்கவில்லை என்றால் பயமுறுத்திப் பார்க்கலாமா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகளே நடத்திய திட்டம் ஒன்று உண்டு. சில்லறைக் குற்றங்களில் மாட்டிய பையன்களைச் சிறைக்குள் அழைத்து வந்து, கைதிகள் முகத்துக்கு நேரே கத்துவார்கள், உள்ளே என்னென்ன நடக்கும் என்று வர்ணிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கே நடுக்கம் வரும். இதே பாணியில் நடந்த பல திட்டங்களை ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்ததில், சிறைக்குப் போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். அதாவது ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும். நம் ஊரிலும் ‘ஒரு நாள் ஸ்டேஷன்ல உட்கார வச்சா சரியாயிடும்’ என்று சொல்பவர்களுக்குக் குறைவில்லை.

அறிவுரையும் வேண்டாம், பயமும் வேண்டாம், அன்பாக நடந்துகொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் சங்கடமானதும் அதுதான். ரிச்சர்ட் கேபட் என்ற பாஸ்டன் மருத்துவர் யோசித்த திட்டம் அது. 1939-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களில் தொடங்கியது. மொத்தம் 506 சிறுவர்கள். வயது, குடும்பம், சுபாவம் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, நாணயம் சுண்டி, ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவனை அப்படியே விட்டார்கள். சேர்ந்தவனின் வீட்டுக்கு ஆலோசகர் மாதம் இரண்டு முறை வருவார். படிப்பில் உதவி, மருத்துவ உதவி, விளையாட்டுக்கு அழைத்துப் போவது, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. சராசரியாக ஐந்தரை வருடம் இப்படி ஓடியது.

முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். அப்போது அவர்கள் நடுவயது ஆண்கள். திட்டத்தில் இருந்தவர்கள் நல்லபடியாகவே பேசினார்கள், அந்த ஆலோசகர் இல்லாவிட்டால் கெட்டுப் போயிருப்பேன் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பதிவேடுகளோ வேறு மாதிரி சொல்லின. திரும்பத் திரும்பக் குற்றம் செய்ததில், குடிக்கு அடிமையானதில், சீக்கிரம் இறந்ததில், உதவி கிடைத்தவர்கள்தான் உதவி கிடைக்காத தங்கள் ஜோடிகளைவிட மோசமாக இருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? மெக்கார்ட் பிறகு துருவிப் பார்த்தபோது ஒரு தடயம் அகப்பட்டது. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம்தான் பாதிப்பு அதிகம். முகாமில் என்ன நடந்திருக்கும் என்பதை ஆரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்பவர் செய்த வேறு ஆய்வு ஓரளவு காட்டுகிறது. பையன்களை இரண்டிரண்டு பேராக ஓர் அறையில் உட்காரவைத்துப் பேச விட்டு வீடியோ எடுத்தார். ஒருவன் தான் செய்த வம்பு ஒன்றைச் சொல்கிறான். மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்காக முதலாமவன் இன்னொன்றைச் சொல்கிறான், கொஞ்சம் கூட்டியே சொல்கிறான். எந்த ஜோடியில் இந்தச் சிரிப்பு அதிகமோ அந்தப் பையன்கள் பின்னாளில் அதிகம் வம்பில் மாட்டினார்கள். பிரச்சினை உள்ள பிள்ளைகளாகவே பொறுக்கி எடுத்து ஓரிடத்தில் சேர்த்து, மேய்க்க ஆளில்லாமல் விட்டால், நாமே ஒரு பயிற்சிக்கூடம் நடத்துகிறோம் என்றுதான் அர்த்தம். நல்ல மனதோடு தொடங்கும் எத்தனையோ முகாம்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

சரி, பலித்தது எது?

ஐஸ்லாந்துக்குப் போவோம். ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில் ஒரு தீவு. மக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. 1990-களில் அங்கே வெள்ளிக்கிழமை இரவு தலைநகர் ரெய்க்யாவிக்கின் கடைவீதியில் நடக்கவே பெரியவர்கள் பயந்தார்கள். தெருவெல்லாம் குடித்துவிட்டுத் தள்ளாடும் பள்ளிப் பிள்ளைகள். 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 சதவீதம். கஞ்சாவை ஒரு முறையாவது தொட்டவர்கள் 17 சதவீதம். 2016-இல் அதே கேள்விகளுக்குக் கிடைத்த எண்கள் 5, 3, 7.

இடையில் என்ன செய்தார்கள்? முதல் வேலை, கேட்டது. 1992-லேயே நாடு முழுக்க 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். யாரும் பெயர் எழுத வேண்டாம். குடித்தாயா, புகைத்தாயா என்பதோடு, அம்மா அப்பாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய், சாயங்காலம் என்ன செய்கிறாய், இரவு எத்தனை மணிக்கு வெளியே சுற்றுகிறாய் என்றெல்லாம் கேட்டார்கள். இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் உள்ளிட்ட சமூகவியலாளர்கள் அந்தத் தாள்களை அலசியபோது, குடிக்கிற பிள்ளைக்கும் குடிக்காத பிள்ளைக்கும் நடுவே நான்கு வித்தியாசங்கள் எடுப்பாகத் தெரிந்தன. குடிக்காதவர்கள் வாரத்தில் மூன்று நான்கு நாள் முறையான விளையாட்டிலோ இசையிலோ வேறு வகுப்பிலோ இருந்தார்கள். வார நாட்களில் பெற்றோரோடு கழித்த நேரம் அதிகம். பள்ளியில் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வு இருந்தது. பின்னிரவில் அவர்கள் தெருவில் இல்லை.

இந்த நான்கையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்படிக் கொண்டு போவது என்பதுதான் அதன் பிறகு நடந்ததெல்லாம். சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, 20 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. இரண்டுக்கும் விளம்பரம் தடை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கும், கோடையில் பன்னிரண்டு மணிக்கும் வீடு திரும்பிவிட வேண்டும். ஐஸ்லாந்துக் கோடையில் பன்னிரண்டு மணிக்கும் வானம் வெளுத்துத்தான் கிடக்கும், ஆகவே இது பிள்ளைகளுக்கு லேசான விஷயமில்லை. இதைக் காவலர்களை விட்டு மட்டும் அமல்படுத்தவில்லை. பெற்றோர்களே முறைபோட்டு வார இறுதி இரவுகளில் கும்பலாகத் தெருவில் நடந்தார்கள். யாரையும் பிடிப்பதற்காக இல்லை. ‘என்னப்பா, இன்னும் வீட்டுக்குப் போகலையா’ என்று கேட்பதற்காக.

பள்ளிதோறும் பெற்றோர் சங்கம் வைத்து, அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து போட்டார்கள். பெரியவர்கள் இல்லாத வீட்டில் விருந்து கூடாது. யாரும் பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரக் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளை மேலும் ஒரு கண் இருக்க வேண்டும். இதன் உபயோகம் சட்டத்தில் இல்லை, வீட்டு வாக்குவாதத்தில் இருக்கிறது. ‘அவங்க வீட்டுல மட்டும் விடறாங்களே’ என்ற எல்லா நாட்டுப் பிள்ளைகளின் வாதம் அங்கே எடுபடாமல் போய்விட்டது, ஏனென்றால் அவங்க வீட்டிலும் விடவில்லை.

இன்னொரு பக்கம் காசு. ரெய்க்யாவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ‘ஓய்வு நேர அட்டை’ கொடுத்தது. கிளப்பிலோ இசை வகுப்பிலோ கட்டணமாகக் கழித்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தில் அது பிள்ளைக்கு வருடம் 35,000 குரோனா (ஐஸ்லாந்து நாணயம்). வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் நீச்சலுக்கோ கால்பந்துக்கோ போகலாம். 2000-க்குப் பிறகு பனிக்காலத்திலும் ஆடுவதற்குக் கூரை போட்ட பெரிய கால்பந்து அரங்குகள் எழுந்தன, பயிற்சி பெற்ற பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்கே கிடைத்தார்கள். (2016 ஐரோப்பியக் கோப்பையில் இந்தத் துக்கடா நாடு இங்கிலாந்தை 2–1 என்று வீழ்த்தியது நினைவிருக்கலாம். போதைத் தடுப்புக்குப் போட்ட காசில் ஒரு பகுதி இப்படியும் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.)

இந்த யோசனைக்குப் பின்னால் ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருவரும் இருக்கிறார். போதை தேடுபவர்கள் உண்மையில் தேடுவது மனநிலையில் ஒரு மாற்றத்தை என்பது அவர் வாதம். சிலருக்குப் பரபரப்பு வேண்டும், சிலருக்கு மரத்துப் போதல் வேண்டும். அதை வேறு வழியில் கொடுக்கலாமே என்று 1992-இல் டென்வர் நகரில் ஒரு திட்டம் தொடங்கினார். வந்த பிள்ளைகளிடம் ‘உனக்குச் சிகிச்சை தருகிறோம்’ என்று சொல்லவில்லை. நடனமோ இசையோ ஓவியமோ தற்காப்புக் கலையோ, எது வேண்டுமோ கற்றுத் தருகிறோம் என்றார்கள். மூன்று மாதத்துக்கென்று வந்தவர்களில் சிலர் ஐந்து வருடம் இருந்தார்கள். மில்க்மனின் இந்தக் கருத்தைத்தான் ஐஸ்லாந்துக்காரர்கள், சிக்கலில் மாட்டிய பிள்ளைகளுக்கு என்று ஒதுக்காமல், நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரித்தார்கள். முகாமில் நடந்த அந்தச் சிரிப்புப் பிரச்சினைக்கு இதிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. எல்லோரும் கலந்து இருக்கும்போது வம்புக் கதைக்குக் கைதட்டும் கூட்டம் சிறுத்துவிடுகிறது.

விளையாட்டு என்றாலே நல்லது என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. ஐஸ்லாந்து ஆய்வாளர்களே இதைச் சோதித்தார்கள். பயிற்சியாளர் இருக்கும் கிளப்பில் ஆடிய பிள்ளைகளிடம் குடி குறைவாக இருந்தது. பெரியவர் யாரும் இல்லாமல் தாங்களாகச் சேர்ந்து ஆடியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. பந்தும் மைதானமும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் திட்டங்களுக்கு இது முக்கியமான செய்தி. காப்பது பந்து இல்லை, தினமும் சாயங்காலம் அங்கே வந்து நின்று, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கும் அண்ணனோ அக்காவோதான். வடசென்னையின் வியாசர்பாடியில் இலவசமாகக் கால்பந்து கற்றுத் தருபவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்குக் ‘குட்டி பிரேசில்’ என்ற பெயர் சும்மா வரவில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பள்ளி நாட்களில் சிறுவர்கள் செய்யும் வன்முறைக் குற்றங்கள் உச்சத்துக்குப் போவது நள்ளிரவில் இல்லை, பள்ளி மணி அடித்த அடுத்த சில மணி நேரத்தில். பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோர் வேலையில் இருப்பார்கள், ஆசிரியர் பொறுப்பு முடிந்திருக்கும். ஒரு திட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடக்கிறது என்றால், அது யாருக்கு வசதியான நேரம் என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே தெருச் சண்டைகளுக்கு நடுவில் வளரும் பையன்களுக்கு இதெல்லாம் மட்டும் போதாது. அவர்களுக்காகச் சிகாகோவில் ‘ஆணாக ஆவது’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. பள்ளி நேரத்திலேயே, சிறு குழுவாக, ஒரு பயிற்றுநரோடு வாரம் ஒரு மணி நேரம். அதன் முதல் பயிற்சிகளில் ஒன்று இது. இரண்டிரண்டு பேராக நிற்கச் சொல்கிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். மற்றவனிடம், முப்பது விநாடிக்குள் அதை எடு என்கிறார்கள். உடனே இழுபறி, கையை முறுக்குதல், கட்டிப் புரளுதல். நேரம் முடிந்ததும் பயிற்றுநர் கேட்கிறார்: ‘பந்தைக் கொடு என்று ஏன் யாருமே கேட்கவில்லை?’ கேட்டால் தந்திருப்பானா என்று பையன்கள் சிரிக்கிறார்கள். மற்றவனிடம் திரும்பிக் கேட்டால், ‘தந்திருப்பேன், இது சும்மா ஒரு பந்துதானே’ என்கிறான்.

இந்தப் பையன்களைக் கெட்டவர்கள் என்று திட்டம் நினைக்கவில்லை. அவர்கள் தெருவில் சட்டென்று கை ஓங்குவது சில நேரம் தற்காப்புக்குத் தேவையாகவே இருக்கும். அதே அனிச்சை வகுப்பறையிலும், போலீஸ்காரர் முன்னும் வரும்போதுதான் வாழ்க்கை கெடுகிறது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் நிதானித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள், அவ்வளவே. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்ததில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. திட்டம் முடிந்ததும் கைது விஷயத்தில் அந்தப் பலன் தேய்ந்துவிட்டது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் நிதி கொடுத்துவிட்டுக் கையைக் கழுவும் நன்கொடையாளர்கள் படிக்க வேண்டிய பகுதி அது.

ஐஸ்லாந்து எண்களையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அங்கே ஒப்பீட்டுக் குழு கிடையாது, முழு நாடும் ஒரே நேரத்தில் மாறியது. அதே வருடங்களில் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இளையோர் குடி குறைந்துதான் வந்தது, ஐஸ்லாந்து அளவுக்கு இல்லை என்றாலும். சின்ன நாடு, பணமுள்ள நாடு, வேலை நேரம் முடிந்து பெற்றோர் வீட்டுக்கு வரக்கூடிய நாடு. இரண்டு ஷிப்டு பார்க்கும் அம்மாவிடம் போய் ‘பிள்ளையோடு அதிக நேரம் இருங்கள்’ என்று சொல்வது கேலி செய்வது போல ஆகிவிடும். சிலியும் அயர்லாந்தின் சில பகுதிகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டபோது, ஐஸ்லாந்தின் ஊரடங்கை அப்படியே நகலெடுக்கவில்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் முதலில் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள்.

உங்கள் பகுதியில் யாராவது இப்படி ஒன்றைத் தொடங்கினால், அங்கிருந்தே விசாரணையைத் தொடங்கலாம். இங்கே பிள்ளைகள் எதை, எந்த வயதில், எங்கே தொடுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டார்களா? பெயர் இல்லாமல் கேட்டார்களா? அந்தத் தாள் தலைமையாசிரியர் கைக்கோ காவல் நிலையத்துக்கோ போகும் என்று ஒரு பிள்ளை சந்தேகப்பட்டாலும் அடுத்த வருடம் எல்லோரும் ‘இல்லை’ என்றே எழுதுவார்கள். ஐஸ்லாந்தில் முடிவுகள் சில வாரங்களிலேயே பள்ளிவாரியாகத் திரும்பி வந்துவிடும், தனிப் பிள்ளையை அடையாளம் காண முடியாத வடிவில். பெற்றோர் கூட்டத்தில் ‘நம் பள்ளியில்’ என்று பேச முடிவது அதனால்தான்.

அந்தக் கேள்வித்தாள் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. சாராயமும் சிகரெட்டும் இறங்கிய பிறகு அங்கே மின் சிகரெட் வந்தது, அப்புறம் உதட்டுக்கு அடியில் செருகிக்கொள்ளும் நிகோடின் பொட்டலம் வந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ஒளித்து விற்கும் கூல் லிப்பின் தூரத்து உறவு என்று சொல்லலாம். வாசனை வராது, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். கேள்வித்தாளில் அவற்றுக்கும் வரிகள் சேர்ந்தன, எண்களைப் பார்த்த பெற்றோர் சங்கங்கள் மறுபடி கூட்டம் போட வேண்டியதாயிற்று.